வீட்டு வீடியோத் தொகுப்புக்கு எந்த ஃபார்மட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருட வீடியோக்களை ஒரே இடத்தில் சேர்த்து, டிவியிலும் போனிலும் பார்க்கும்படி வைக்கலாம் என்று உட்காருபவர்கள் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே ஃபார்மட்டுக்கு மாற்றும் மென்பொருளைத் தேடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதில் எதை இழந்தேன் என்று கீழே சொல்கிறேன். மாற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் படித்துவிட வேண்டியவை இவை.

எம்பி4, எம்கேவி இவைதானே ஃபார்மட்?

பாதிதான் சரி. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் பெட்டியின் பெயர்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கன்டெய்னர் என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் படம் தனியாக இருக்கும், ஒலி தனியாக இருக்கும், சப்டைட்டில் இருந்தால் அதுவும் தனியாக இருக்கும். படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்களோ அதற்குப் பெயர் கோடெக். எச்.264, எச்.265, ஏவி1, எம்பெக்-2 போன்றவை படத்துக்கான கோடெக்குகள். ஏஏசி, ஏசி3, டிடிஎஸ், ஓபஸ் போன்றவை ஒலிக்கு.

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. "என் டிவியில் எம்பி4 ஓடும்" என்று சொன்னால் அதில் பெட்டியைப் பற்றி மட்டுமே தகவல் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எம்பி4 கோப்புகளில் ஒன்று ஓடும், மற்றது கறுப்புத் திரையோடு நின்றுவிடும். முதலாவதற்குள் எச்.264 இருந்திருக்கும், இரண்டாவதற்குள் அந்த டிவிக்குத் தெரியாத ஏவி1 இருந்திருக்கும்.

கோப்பின் பின்பெயரை மட்டும் எம்கேவியிலிருந்து எம்பி4 என்று திருத்தி எழுதிவிட்டு "மாற்றிவிட்டேன்" என்பவர்களும் உண்டு. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறு சீட்டு ஒட்டியதுபோலத்தான் அது.

உள்ளே இருப்பது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் எல்லாம் சொல்லிவிடும். விஎல்சி பிளேயரிலும் ஓடும்போதே கோடெக் தகவல் என்ற பகுதியைத் திறந்து பார்க்கலாம். படத்தின் கோடெக், அளவு, நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது (8 பிட்டா 10 பிட்டா), பிட்ரேட் (வினாடிக்கு எவ்வளவு தரவு), ஒலியின் கோடெக் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்பவருக்கு ராத்திரி முழுக்கக் கணினியை ஓட விடும் தேவை பெரும்பாலும் வராது.

சரி, எம்பி4-ஆ எம்கேவியா?

எம்பி4 ஆப்பிளின் குவிக்டைம் கோப்பு அமைப்பிலிருந்து வந்தது. 1991-இல் வெளியான குவிக்டைமின் எலும்புக்கூட்டை எடுத்துத்தான் எம்பெக் குழு இந்தத் தரத்தை வகுத்தது. ஐபோன் தரும் எம்ஓவி கோப்பும் எம்பி4-உம் அண்ணன் தம்பி போல இருப்பதற்குக் காரணம் இதுவே. போன், டிவி, பிரவுசர், விளையாட்டுக் கன்சோல் என்று எங்கே போனாலும் இந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியும். ஆனால் உள்ளே எதை வைக்கலாம் என்பதில் கொஞ்சம் கறார். டிஸ்குகளில் வரும் பட வடிவ சப்டைட்டில்களை எம்பி4-க்குள் வைத்தால் பல பிளேயர்கள் கண்டுகொள்வதே இல்லை.

எம்கேவி 2002 இறுதியில் தொடங்கிய மட்ரோஸ்கா என்ற திறந்த திட்டத்தின் பிள்ளை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப் பொம்மைகளிலிருந்து வந்த பெயர். பெயருக்கேற்ற மாதிரி எதைக் கொடுத்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஐந்து மொழி ஒலி, பத்து சப்டைட்டில், அத்தியாயக் குறிப்புகள், எழுத்துருக் கோப்புகள்கூட ஒரே கோப்பில் அடங்கும். ஆர்வலர்களின் கைவேலையாகப் பல வருடம் இருந்த இதை 2024-இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப், ஆர்எஃப்சி 9559 என்ற எண்ணில் முறையான ஆவணமாகவே வெளியிட்டது. நீண்ட காலம் வைத்திருக்கும் தொகுப்புக்கு இது தெம்பு தரும் செய்தி.

இன்னொரு வித்தியாசம் பதிவு செய்பவர்களுக்குத்தான் உறைக்கும். எம்பி4 கோப்பில் எந்த நொடி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகே எழுதுவார்கள். நடுவில் கரண்ட் போனாலோ பேட்டரி தீர்ந்தாலோ அட்டவணை இல்லாமல் கோப்பு அப்படியே முடங்கிவிடும். படம் முழுக்க உள்ளே இருக்கும், திறக்க மட்டும் வராது. எம்கேவி துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போவதால் அறுந்த இடம் வரை கிடைக்கும். கணினித் திரையைப் பதிவு செய்பவர்கள் முதலில் எம்கேவியில் பதிவு செய்துவிட்டுப் பிறகு எம்பி4-க்கு நகர்த்துவது இதனால்தான்.

என் வழக்கம் இது: கேமராவும் போனும் எந்தப் பெட்டியில் கொடுத்தனவோ அதிலேயே விட்டுவிடுவேன். டிஸ்கிலிருந்து எடுத்தது, பல ஒலி, பல சப்டைட்டில் உள்ளது என்றால் எம்கேவி. யாருக்காவது அனுப்பவோ பிரவுசரில் ஓட்டவோ வேண்டுமானால் எம்பி4.

ஏவிஐ, டபிள்யூஎம்வி, 3ஜிபி, எஃப்எல்வி என்று பழையவை கிடக்கின்றனவே?

கிடக்கட்டும். ஏவிஐ 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. புதிதாக எதையும் அதில் வைக்க வேண்டாம், இருப்பதை அழிக்கவும் வேண்டாம். விஎல்சி இவை அனைத்தையும் அனேகமாகத் திறந்துவிடும். பழைய போன்களின் 3ஜிபி கோப்புகளில் மட்டும் ஒரு சிக்கல்: ஒலி ஏஎம்ஆர் என்ற பேச்சுக் கோடெக்கில் இருக்கும், பல டிவிகளில் படம் வந்தாலும் குரல் வராது. அவற்றின் பிரதி ஒன்றை எச்.264, ஏஏசி ஆக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அளவு சின்னது என்பதால் மூலமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படத்துக்கு எந்தக் கோடெக்? எச்.264, எச்.265, ஏவி1 மூன்றில் எது?

எச்.264 வந்தது 2003-இல். இன்றைக்கு எந்தத் திரையில் போட்டாலும் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே கோடெக் இதுதான். ஏவிசி என்றும் இதையே சொல்வார்கள்.

எச்.265 அல்லது எச்இவிசி 2013-இல் வந்தது. அதே தரத்துக்குச் சுமார் பாதி பிட்ரேட் போதும் என்பது அதை வடிவமைத்தபோது வைத்த இலக்கு. 4கே படத்தில் அந்த இலக்கை ஓரளவு நெருங்கும். பழைய, சிறிய அளவுப் படங்களில் லாபம் குறைவு. இதன் காப்புரிமைகள் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களின் கையில் சிதறிக் கிடந்ததால் பிரவுசர்கள் பல வருடம் இதைத் தொடத் தயங்கின. டிவி, போன் உலகம் அப்படித் தயங்கவில்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இதிலேயே பதிவு செய்கின்றன. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்காமலே உங்கள் தொகுப்புக்குள் எச்.265 வந்து உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஏவி1-ஐ உருவாக்கியது 2015-இல் கூகுள், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ், அமேசான் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணி. 2018-இல் வெளியானது, உரிமத் தொகை இல்லாதது, எச்.265-ஐ விடவும் நன்றாகச் சுருக்கும். குறை என்னவென்றால் இதைப் பிரித்துப் படமாக்குவதற்கென்றே உள்ள தனி மின்சுற்று சிப்புகளுக்குள் வந்தது 2020-ஐ ஒட்டித்தான். ஐபோனில் 2023-இன் 15 புரோ மாடல்களில்தான் வந்தது. சிப்பில் அந்தச் சுற்று இல்லாவிட்டால் பிராசசரே மூச்சுத் திணறிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். போன் என்றால் சூடாகும், பேட்டரி கரையும். டிவி என்றால் பெரும்பாலும் ஓடவே ஓடாது.

ஆகவே கோடெக்கின் பெருமையைப் பார்க்காமல் உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய திரையைப் பாருங்கள். எச்.264 மட்டும் தெரிந்த டிவி ஒன்று மூலையில் இருந்து, அதில்தான் பெரியவர்கள் பார்க்கிறார்கள் என்றால் புதிதாக உருவாக்கும் பிரதிகளுக்கு எச்.264. எல்லாத் திரைகளும் 2017-க்குப் பிறகு வாங்கிய 4கே சாதனங்கள் என்றால் தைரியமாக எச்.265. ஏவி1-ஐ இன்னும் சில வருடம் கழித்து யோசிக்கலாம்.

எச்.265-க்கு மாற்றினால் பாதி இடம் மிச்சம் என்கிறார்களே. இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்தக் கோடெக்குகளை நாம் பயன்படுத்தும் விதத்தில் எல்லாமே இழப்புடன் சுருக்குபவை. கண்ணுக்குத் தெரியாது என்று அவை கணிக்கும் விவரங்களைத் தூக்கி எறிந்துவிடும். ஏற்கனவே ஒருமுறை எறிந்த பிறகு மிஞ்சியதை எடுத்து இன்னொரு கோடெக்கிடம் கொடுத்தால் அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எறியும். முதல் கோடெக் விட்டுச்சென்ற கறைகளையும் உண்மையான படம் என்று நினைத்துப் பத்திரமாகச் சேமிக்கும். நகலை நகலெடுக்க நகலெடுக்க எழுத்து மங்குவது போலத்தான். "அதே தரம், பாதி அளவு" என்ற வாக்குறுதி எல்லாம் கேமராவிலிருந்து வரும் மூலத்தை நேராகச் சுருக்கும்போது பொருந்தும்.

என் கதை இது. மினிடிவி என்ற சின்ன கேமரா டேப்பில் எடுத்த குடும்ப வீடியோக்களைப் பல வருடங்களுக்கு முன் கணினியில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வந்தது. என்னிடம் இருந்தது 80 ஜிபி டிஸ்க். பயந்துபோய் எல்லாவற்றையும் எக்ஸ்விட் என்ற பழைய கோடெக்கில் ஏவிஐயாக 700 மெகாபைட்டுக்குள் அடக்கி சிடியில் எரித்தேன். டேப்புகளின் மேலேயே புதிதாகப் பதிவும் செய்துவிட்டேன். அன்றைக்குச் சின்ன மானிட்டரில் நன்றாகத்தான் தெரிந்தது. இப்போது பெரிய டிவியில் போட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள், முகங்களில் கட்டம் கட்டமாகத் திட்டுகள். அந்த 13 ஜிபி இன்றைய டிஸ்கில் ஒரு மூலைக்குக் காணாது. மூலம் போனது போனதுதான்.

அதனால் தொகுப்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நீங்களே எடுத்தவை, வேறு எங்கும் கிடைக்காதவை ஒரு பக்கம். அவற்றின் மூலத்தில் கை வைக்காதீர்கள். பார்க்க வசதியாக வேண்டும் என்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கையில் இருக்கிறது, வேண்டுமானால் மறுபடி எடுக்கலாம் என்பவை இன்னொரு பக்கம். அவற்றை இடத்துக்காகச் சுருக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டிவி எம்கேவியைத் திறக்கவில்லை. அப்போதும் மாற்றக் கூடாதா?

பெட்டியை மட்டும் மாற்றுங்கள். எம்கேவிக்குள் எச்.264-உம் ஏஏசியும் இருந்தால் இரண்டையும் அப்படியே எடுத்து எம்பி4 பெட்டிக்குள் வைத்துவிடலாம். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். சுருக்கும் வேலையே நடக்காததால் ஒரு பிக்சல்கூட மாறாது. ஒரு முழு நீளப் படத்துக்கு ஆகும் நேரம் கோப்பை நகலெடுக்கும் நேரம்தான்.

எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழி மென்பொருளில் ஓடைகளை (பெட்டிக்குள் தனித்தனியாக இருக்கும் படம், ஒலி) நகலெடு என்று சொல்லிவிட்டால் இதைச் செய்துவிடும். கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு அதன் மேல் கட்டிய லாஸ்லெஸ்கட் போன்றவை உண்டு. எம்கேவி ஆக்குவதற்கு எம்கேவிடூல்நிக்ஸ். பலரும் கையில் எடுக்கும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அதற்கு ரீமக்ஸ் தெரியாது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் மறுபடி சுருக்கியே தரும்.

அடையாளம் எளிது. பத்து ஜிபி கோப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்து அளவும் கிட்டத்தட்ட அதேதான் என்றால் பெட்டி மட்டும் மாறியிருக்கிறது. மின்விசிறி சத்தம் போட்டு மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் உள்ளே கை வைத்துவிட்டீர்கள்.

மறுபடி சுருக்கியே ஆக வேண்டும் என்றால் என்ன அமைப்பு வைக்கலாம்?

கோப்பின் அளவைச் சொல்லி அடக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். தரத்தைச் சொல்லும் முறை இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் சிஆர்எஃப், ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்று இருக்கும். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எச்.264-க்கான எக்ஸ்264 மென்பொருளில் இயல்பாக 23, எச்.265-க்கான எக்ஸ்265-இல் 28. இரண்டின் எண்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடக் கூடாது, அளவுகோலே வேறு. ஹேண்ட்பிரேக் தன் ஆவணத்தில் 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை, 4கேக்கு 22 முதல் 28 வரை என்று பரிந்துரைக்கிறது. பழைய டிவிடி அளவுப் படங்களுக்கு 18 முதல் 22. சின்னப் படத்தைப் பெரிய திரையில் இழுத்துப் பார்ப்பதால் குறை சீக்கிரம் தெரியும், அதனால் அங்கே எண் குறைய வேண்டும்.

முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் சுருக்கி டிவியில் பாருங்கள். இருட்டுக் காட்சி, புகை, தண்ணீர், கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். சுவரின் முன் உட்கார்ந்து பேசும் காட்சியை எந்த அமைப்பும் நன்றாகத்தான் காட்டும்.

கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வேகமாகச் சுருக்குவதா, பிராசசரைக் கொண்டு மெதுவாகச் சுருக்குவதா என்றும் கேட்பார்கள். ஒரே அளவுக் கோப்பில் மெதுவானது பொதுவாக நன்றாக இருக்கும். ஒருமுறை செய்து பல வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள், ஒரு ராத்திரி ஓடட்டும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒலிக் கோடெக் உங்கள் டிவிக்குத் தெரியாதது. டிடிஎஸ் ஒலிதான் வழக்கமான குற்றவாளி. முன்பு அதை ஓட்டிய சில தயாரிப்புகளின் புதிய மாடல்களில்கூட உரிமக் காரணத்தால் அது இல்லாமல் போயிருக்கிறது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏசி3 அல்லது ஏஏசி ஆக மாற்றிக் கூடுதல் ஓடையாகச் சேர்த்துவிடலாம். சில நிமிட வேலை. பழைய டிடிஎஸ் ஓடையும் கோப்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு நல்ல ஒலிபெருக்கி வாங்கினால் உதவும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள வீடு என்றால் ஸ்டீரியோ ஏஏசி போதும்.

சப்டைட்டிலை உள்ளே வைப்பதா, தனிக் கோப்பாக வைப்பதா?

எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி என்றால் இரண்டும் ஒன்றுதான். நான் தனிக் கோப்பாக, படத்தின் அதே பெயரில் வைக்கிறேன். எழுத்துப் பிழையையோ நேர வித்தியாசத்தையோ சாதாரண எழுத்துத் திருத்தியிலேயே சரி செய்யலாம். டிவிடி, புளூரே டிஸ்குகளில் வருபவை எழுத்தல்ல, ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படம். அவற்றை எம்கேவிக்குள் அப்படியே வைக்கலாம். எழுத்தாக்க வேண்டுமானால் எழுத்துணரி மென்பொருளில் ஓட்டிப் பிழை திருத்த வேண்டும்.

தமிழ் சப்டைட்டிலுக்கு இரண்டு தனிக் கவலைகள். கோப்பு யுடிஎஃப்-8 குறிமுறையில் இல்லாவிட்டால் திரையில் கிறுக்கலாக வரும். திஸ்கி போன்ற பழைய குறிமுறையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யுடிஎஃப்-8 ஆக இருந்தும் வெறும் கட்டங்கள் வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்து வந்து, கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றால் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறமை அந்த பிளேயருக்கு இல்லை. கோப்பில் செய்ய ஒன்றும் இல்லை, விஎல்சியோ கோடி (Kodi) என்ற பிளேயரோ ஓடும் ஒரு சின்னப் பெட்டியை டிவியில் சொருகுவதுதான் வழி.

மீடியா சர்வர் போட்டால் அதுவே மாற்றிக்கொடுத்துவிடுமே, ஃபார்மட் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

தொகுப்பை ஒரு கணினியில் வைத்து வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் மென்பொருள்தான் மீடியா சர்வர். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்றவை கோப்பைப் பார்க்கும், கேட்கும் சாதனத்தையும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் அப்படியே அனுப்பும். பெட்டி மட்டும் ஒத்துவராவிட்டால் பறக்கும்போதே பெட்டியை மாற்றி அனுப்பும். அதற்கு வேலை குறைவு. கோடெக் ஒத்துவராவிட்டால்தான் படத்தைப் பிரித்து மறுபடி சுருக்கும், அங்கேதான் சின்னக் கணினிகள் திணறும்.

பலர் அறியாத பொறி சப்டைட்டில். படம், ஒலி எல்லாம் பொருந்தியிருந்தும், பட வடிவ சப்டைட்டிலை யாராவது இயக்கினால் அதைக் காட்டத் தெரியாத சாதனத்துக்காக சர்வர் அதைப் படத்தின் மேலேயே பதித்து முழுப் படத்தையும் மறுபடி சுருக்க ஆரம்பிக்கும். "நேற்று நன்றாக ஓடியது, இன்று திக்குகிறது" என்ற புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, சப்டைட்டில் போட்டீர்களா என்றுதான். எஸ்ஆர்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்வருக்குக் கணினி வாங்குபவர்கள் சிப்பில் எந்தக் கோடெக்குக்குத் தனிச் சுற்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதியது என்றால் எல்லாம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ராஸ்பெரி பை 5-இல் எச்.265-க்குத் தனிச் சுற்று உண்டு, எச்.264-க்குக் கிடையாது. அதற்கு முந்தைய பை 4-இல் இரண்டுமே உண்டு!

படம் முழுக்க ஊதாவும் பச்சையுமாகத் தெரிகிறது. ஏன்?

பெரும்பாலும் அது டால்பி விஷன் கோப்பு, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படத்தில் ஒரு வகை. அதில் சில வகைகளுக்குள் சாதாரண எச்டிஆர்10 படமும் சேர்ந்தே இருக்கும், டால்பி விஷன் தெரியாத டிவி அதைக் காட்டிவிடும். 5-ஆம் புரொஃபைல் என்ற வகையில் அந்த வசதி கிடையாது. நிறங்களைக் குறிக்கும் முறையே வேறு என்பதால் தெரியாத பிளேயர் கண்டபடி காட்டும். வீட்டில் எல்லாத் திரையும் டால்பி விஷன் இல்லை என்றால் எச்டிஆர்10 உள்ள பிரதியாகப் பார்த்து வையுங்கள்.

சாயம் போனது மாதிரி வெளிறித் தெரிந்தால் அது வேறு நோய். எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கு ஏற்ற மாதிரி மாற்றாமல் காட்டுகிறது பிளேயர். இன்னொன்று: 10 பிட் எச்.265 எங்கும் சகஜம், 10 பிட் எச்.264-ஐப் பெரும்பாலான சாதனங்களின் சிப்புகள் பிரிப்பதில்லை. அப்படி ஒன்றை நீங்களாக உருவாக்காதீர்கள்.

டேப், விசிடி, டிவிடி இவற்றை எப்படி ஏற்றுவது?

மினிடிவி என்றால் ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாக அப்படியே இறக்குங்கள். டேப்பில் இருக்கும் அதே எண்கள் அப்படியே கோப்பாகும், வினாடிக்கு 25 மெகாபிட். அந்தக் கோப்புதான் உங்கள் மூலம். விசிடியில் இருப்பது எம்பெக்-1, டேட் (dat) என்ற பின்பெயரோடு இருக்கும். பால் (PAL) என்ற டிவி முறைக்கு 352-க்கு 288 என்ற சின்ன அளவு, வினாடிக்கு 1.15 மெகாபிட். அதைப் பெரிதாக்கி எச்.265 ஆக்குவதால் புதிதாக எதுவும் வந்துவிடாது, பெட்டி மாற்றி அப்படியே வையுங்கள். டிவிடியில் எம்பெக்-2, அதை எம்கேவிக்குள் நகர்த்தினால் சப்டைட்டிலும் அத்தியாயமும் கூடவே வரும். விலைக்கு வாங்கிய டிஸ்குகளில் பூட்டு இருக்கும். அதைத் திறந்து நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பிலும் பல டிவிடியிலும் படம் பின்னல் முறையில் இருக்கும். ஒரு சட்டத்தின் (ஃபிரேம்) ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். என் பழைய கோப்புகளில் வந்த சீப்புப் பல் இதுதான். பின்னலைப் பிரிக்காமல் சாதாரணப் படம் என்று எண்ணிச் சுருக்கியதில் பற்கள் நிரந்தரமாகப் பதிந்துவிட்டன. மூலத்தில் பின்னலை அப்படியே விட்டுவிடுங்கள். பார்க்கும் பிரதி எடுக்கும்போது மட்டும் பிரியுங்கள். பால் டேப்பை வினாடிக்கு 50 சட்டமாகப் பிரித்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். 25 ஆகப் பிரித்தால் பாதி அசைவு போய்விடும்.

போனில் எடுத்தது கணினியில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தெரிகிறது. மறுபடி சுருக்க வேண்டுமா?

வேண்டாம். போன் படத்தைத் திருப்புவதில்லை, "90 பாகை திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதி வைக்கும். உங்கள் பிளேயர் அதைப் படிக்கவில்லை. குறிப்பை மட்டும் ரீமக்ஸ் செய்யும்போது திருத்தலாம், அல்லது வேறு பிளேயரில் பார்க்கலாம்.

போன் கோப்புகளின் இன்னொரு குணம், சட்ட வேகம் நிலையாக இருக்காது. வெளிச்சத்தைப் பொறுத்து கூடும், குறையும். சில எடிட்டிங் மென்பொருள்களில் போட்டால் போகப் போக உதட்டுக்கும் குரலுக்கும் இடைவெளி விழுவது இதனால்தான். எடிட் செய்யும் பிரதியை மட்டும் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். அப்புறம், உறவினர் எடுத்த வீடியோவை மெசேஜ் செயலியில் வாங்கிச் சேர்க்காதீர்கள். வழியிலேயே அது நசுங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் பார்க்கும்போது கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கோப்பு பென்டிரைவில் ஏறவில்லை. இடம் இருக்கிறதே?

ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் வாங்கி வைக்கலாம்?

பிட்ரேட் தெரிந்தால் மனக்கணக்குதான். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி, மினிடிவி 25 மெகாபிட் என்றால் படத்துக்கு மட்டும் 11 ஜிபிக்கு மேல், ஒலியும் மற்றவையும் சேர்ந்து 13. ஐபோனில் 4கே, வினாடிக்கு 30 சட்டம் என்று எச்.265-இல் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட், மணிக்குப் பத்து ஜிபி. வந்த தொகையை இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் இன்னொரு டிஸ்கிலும் இதே தொகுப்பு இருக்க வேண்டும். ஒரே டிஸ்கில் இருப்பதை நான் தொகுப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. முடிந்தால் மூன்றாவது பிரதி வேறு வீட்டில்.

இருபது வருடம் கழித்தும் இவை திறக்குமா?

எச்.264 திறக்கும் என்று நம்புகிறேன். 1990களின் எம்பெக்-1 கோப்பு இன்றும் எந்தக் கணினியிலும் ஓடுகிறது, அதைவிடப் பல மடங்கு பரவியது எச்.264. காணாமல் போனவை எல்லாம் ஒரே நிறுவனத்தின் பிளேயரை நம்பி இருந்தவை. ஆவணக் காப்பகங்கள் பழைய டேப்புகளுக்கு எஃப்எஃப்வி1 என்ற இழப்பற்ற கோடெக்கை எம்கேவிக்குள் வைக்கின்றன. விஎச்எஸ் டேப்பை நீங்களே பதிவு செய்தால் அதைப் பயன்படுத்தலாம். ஏற்கனவே சுருங்கி வந்த போன் வீடியோவை எஃப்எஃப்வி1 ஆக்குவது வீண், கோப்பு பல மடங்கு ஊதும், விவரம் ஒன்றும் திரும்பி வராது.

கோப்புகளுக்குப் பெயர் எப்படி வைப்பது?

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, அப்புறம் என்ன நிகழ்ச்சி, யார் இருக்கிறார்கள் என்று சில சொற்கள். எடுத்த தேதி கோப்புக்குள்ளேயே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல மாற்றி மென்பொருள்கள் அதை அழித்துவிட்டு மாற்றிய நாளைப் போட்டுவிடும். பிரதிகளின் பெயர் இறுதியில் "பார்க்க" என்றும், மூலத்தில் "மூலம்" என்றும் சேர்க்கிறேன். இடம் போதாமல் எதையாவது அழிக்க உட்காரும் நாளில் எதன் மேல் கை போகக் கூடாது என்று பெயரே சொல்லிவிடும்.